கனத்த பக்கம்

மரகதம் ஆயுதப்படைக் காவலர். மதுரைப் பெண்கள் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் லைன்பேக்கர்.

தடுக்கும் அணியின் முன்வரிசைக்குப் பின்னால் மூன்று லைன்பேக்கர்கள் நிற்பார்கள். நடுவில் நிற்பவள் எதிரணி என்ன செய்யப்போகிறது என்று கணித்துக் குரல் கொடுப்பாள். எதிரணி கூடுதல் ஆளை நிறுத்தும் கனத்த பக்கம் மரகதத்துடையது. பந்தோடு ஓடுகிறவளைப் பிடிக்கவிடாமல் வழிமறிக்க வருகிறவர்களை அவள் மோதி நிறுத்த வேண்டும். மறுபக்கம் ரெபெக்கா. ஓடுகிறவளைத் துரத்திப் பிடிப்பது அவள் வேலை.

சனிக்கிழமை ஆட்டத்தில் ஜெயித்தார்கள். ஓடுகிறவளைப் பிடித்தவள் என்று ஒலிபெருக்கியில் ரெபெக்காவின் பெயர் ஒன்பது முறை வந்தது. மரகதத்தின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை.

முதல்முறையாக ஆட்டம் பார்க்க வந்திருந்த அவள் அம்மாவுக்கு ஹெல்மெட்டுக்குள் மகளை அடையாளம் தெரியவில்லை. அவர் கேட்டார்: “இன்னைக்கு உன்னைய விளையாட விடலையாம்மா?”

மறுநாள் காலைப் பயிற்சியில் மரகதம் கோச் ஷாஹிதாவிடம் போனாள். ஷாஹிதா அவளைவிட நாலு வயது சின்னவள்.

“என்னைய ரெபெக்கா பக்கம் மாத்துங்க கோச். இல்லைன்னா நான் டீமை விட்டு நின்னுக்கிறேன்.”

“தோள் எப்படி இருக்குக்கா?”

“தூக்க முடியல. அதுகூடப் பரவாயில்ல. நான் விளையாடுனதே எங்கம்மாவுக்குத் தெரியல.”

ஷாஹிதா பாதிப் பேரை எதிரணியாகப் பிரித்தாள். ரெபெக்காவை வெளியே உட்காரவைத்து, அவள் இடத்தில் மரகதத்தை நிறுத்தினாள். கனத்த பக்கத்தைக் காலியாக விட்டாள்.

“யாரும் ஓட வேணாம். நடந்தே ஆடுங்க. அக்காவை இடிச்சிராதீங்க.”

பந்தோடு ஒருத்தி நடந்தாள். மரகதம் அவளை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள். அதற்குள் காலியிடம் வழியாக வந்த ஒருத்தி குறுக்கே நின்றாள். பின்னாலேயே இன்னொருத்தி. பந்து தாண்டிப் போனது.

மூன்று தடவையும் அப்படித்தான்.

மரகதம் ரெபெக்காவிடம் திரும்பினாள். “இத்தனை பேரைத் தாண்டி நேத்து எப்படிடீ பிடிச்ச?”

ரெபெக்கா விழித்தாள். “என்கிட்ட யாருமே வரலையேக்கா.”

சொல்லிவிட்டு அவள் மரகதத்தின் வீங்கிய தோளைப் பார்த்தாள்.

மரகதம் புல்லில் உட்கார்ந்தாள். “சரி கோச். எங்கம்மாகிட்ட நான் என்னன்னு சொல்ல?” என்றாள்.

ஷாஹிதா பக்கத்தில் உட்கார்ந்து போனை எடுத்தாள்.

“அவங்க நம்பரைக் குடுங்க, நான் பேசுறேன். நேத்து எதிர் டீம் கோச் ஆட்டம் முழுக்க உங்க ஜெர்சி நம்பரைச் சொல்லித்தான் கத்திக்கிட்டே இருந்தாங்க. ‘ஐம்பத்தி நாலை யாராச்சும் நகத்துங்கடீ’ன்னு.”