இடது கைத் தாளம்

தூத்துக்குடி உப்பளத்துப் பக்கம் தகரக் கூரை போட்ட சபை ஒன்று. அங்கே டிரம்ஸ் வாசிப்பவள் மேபல். அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர் கிதியோன், பாஸ்டரின் மகன். அவளைவிட வயதில் நன்றாக மூத்தவர். ஆனாலும் வாய் நிறைய "டீச்சர்" என்பார். அவள் "அண்ணே" என்பாள்.

கிதியோன் வாசிக்க உட்கார்ந்தால் முதலில் இரண்டு காதிலும் இயர்போனை மாட்டிக்கொள்வார். உள்ளே மெட்ரோனோம் டிக் டிக்கென்று சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும். கை அதைவிட்டு மயிரிழைகூட விலகாது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சனிக்கிழமை ஒத்திகையில் அவருக்கும் கீபோர்டு சாலமோனுக்கும் பேச்சு முற்றிவிட்டது.

"தாளம் மேலேருந்து வருது," என்றார் சாலமோன். "பரலோகத்துல ஓயாம பாட்டு நடக்கு. அதுல சிந்துறதுதான் நம்ம கைக்கு வருது."

"சிந்துறது எப்படிவே நேரம் தப்பாம சிந்தும்? தாளம் கணக்குலேருந்து வருது. நாலுன்னா நாலு."

"கணக்குத் தெரியாத பச்சப்புள்ளயும் கை தட்டுதே?"

"தட்டும். தப்பாத் தட்டும்."

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இருவரும் நின்றார்கள். கடைசியில் மேபலிடம் வந்தார்கள்.

"நீங்க சொல்லுங்க டீச்சர். தாளம் எங்கேருந்து வருது?"

மேபல் டிரம்ஸின் மேல் துணியைப் போர்த்தினாள்.

"நாளைக்கு ஆராதனைக்கு நீங்க வாசிங்கண்ணே."

கிதியோனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவருடைய அப்பா, பாஸ்டர் ஏசுவடியான், பக்கவாதத்தில் படுத்து எழுந்தபின் முதல்முறையாக நாளைக்குத்தான் பாடி ஆராதனை நடத்தப் போகிறார். வலது கை விழுந்துவிட்டது. நாக்கும் தடித்துவிட்டது. "ஐயாவால முடியலன்னா வேற ஆளப் பாப்போம்" என்று சபை மூப்பர்கள் வாய்விட்டே சொல்லியிருந்தார்கள். அவர் கல் சுமந்து கட்டிய சபை அது.

ஞாயிற்றுக்கிழமை கிதியோன் வழக்கம்போல் இயர்போனை மாட்டிக்கொண்டார். ஓர் அடி பிசகினாலும் அப்பாவுக்குக் கேவலம். குனிந்த தலை நிமிராமல் வாசித்தார். உள்ளதைச் சொல்ல வேண்டும், பிசகே இல்லை.

பாஸ்டர் முதல் வரியைப் பாடிவிட்டார். இரண்டாம் வரியில் நாக்கு மாட்டிக்கொண்டது. மூன்றாம் வரி அவரைத் தாண்டிப் போய்விட்டது. வாய் திறந்தபடி நின்றார். சனங்கள் அவரைப் பார்த்து ஒவ்வொருவராகப் பாட்டை நிறுத்தினார்கள். சாலமோன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். மூப்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டிரம்ஸ் மட்டும் நிற்கவில்லை. சுத்தமாக, சரியாக ஓடிக்கொண்டிருந்தது. கேட்கச் சகிக்கவில்லை.

பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து மேபல் எழுந்து வந்தாள். கிதியோன் காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கினாள். அதிர்ந்துகொண்டிருந்த சிம்பல் தகட்டை உள்ளங்கையால் பிடித்து அடக்கினாள்.

கிதியோன் நிமிர்ந்தார். அப்போதுதான் அப்பாவைப் பார்த்தார்.

பாஸ்டரின் இடது கை பிரசங்க மேடையின் பலகையைத் தட்டியது. ஒரு தட்டு. நெடுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு தட்டு.

"அந்தத் தாளத்த எடுங்க," என்றாள் மேபல்.

"டீச்சர், அது தாளமே இல்ல."

"எடுங்கண்ணே."

கிதியோன் பெரிய டிரம்மின் பெடலில் காலை வைத்தார். அடுத்த தட்டு எப்போது வரும் என்று அவருக்குத் தெரியாது. அப்பாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சு ஏறியது. கை இறங்கியது. கிதியோனின் கால் பிந்திவிட்டது. மறுபடி பார்த்தார். மறுபடியும் பிந்தியது. அதற்கடுத்த முறை கையும் காலும் ஒன்றாக விழுந்தன.

பாஸ்டர் ஒரு வார்த்தை பாடினார். நிறுத்தினார். இன்னொரு வார்த்தை பாடினார்.

பெண்கள் பக்கம் கைதட்டல் எழுந்தது. அவ்வளவு மெதுவாக அந்தச் சபை அதுவரை தட்டியதில்லை. பாட்டு முடிய வெகுநேரம் ஆனது. ஆனால் முழுப்பாட்டும் முடிந்தது. முக்காட்டுக்குள் சிலர் அழுதார்கள். மூத்த மூப்பர் எழுந்து போய், பாஸ்டருக்குத் தன் கையாலேயே தண்ணீர் புகட்டினார்.

சனங்கள் கலைந்தபின் கிதியோன் வந்தார்.

"எனக்கு இன்னும் விளங்கல டீச்சர். அதுல கணக்கே இல்ல. மேலேருந்து இறங்குன மாதிரியும் தெரியல. பின்ன எங்கேருந்து வந்துச்சு?"

மேபல் இயர்போனைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தாள்.

"வாசிக்கும்போது எங்க பாத்தீங்க?"

"அப்பா நெஞ்ச."

"எதுக்கு?"

"மூச்சு எடுக்காரான்னு."

"அதுக்கு முந்தி எப்பமாவது பாத்திருக்கீங்களாண்ணே?"

கிதியோன் இயர்போனை டிரம்ஸின் மேல் வைத்துவிட்டு, அப்பா இருந்த பக்கம் நடந்தார்.