லீவர் போடும் ஆள்

குரு என்றால் தாடி இருக்கும், சீடன் என்றால் மீசை முளைக்காத வயதாக இருக்கும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தக் கதையில் இரண்டும் கிடையாது. குருவின் பெயர் சாந்தாமணி. தாராபுரம் ரோட்டில் டீசல் எஞ்சின் பட்டறை வைத்திருந்தார். சீடர் சென்னியப்பன், குருவைவிட இருபது வயது மூத்தவர். அரசாங்கத்தில் ரோடு ரோலர் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

அவர் ஓட்டிய ரோலர் அவருக்கு முன்பே ஓய்வு பெற்றிருந்தது. எஞ்சின் இறுகி நின்றுபோய், ஒரு புளியமரத்தடியில் மழையிலும் வெயிலிலும் கிடந்தது. அதை ஏலத்தில் விட்டபோது சென்னியப்பன் எடுத்துவிட்டார். டிரெய்லரில் ஏற்றி, வீட்டுக்குப் பக்கத்துக் காலி இடத்தில் கொண்டுவந்து இறக்கினார். தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது.

பக்கத்து வீட்டு வெள்ளிங்கிரிக்கு நூல் மில்லில் ராத்திரி ஷிப்ட். பகலில் தூங்குகிறவர். தூக்கம் கலைந்து லுங்கியோடு வெளியே வந்தவர் ரோலரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்ணா, பழைய இரும்புக் கடைக்கு வழி தெரியாம உங்க வாசலுக்கு வந்துட்டதாட்ட இருக்குது?"

எல்லோரும் சிரித்தார்கள். சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. அவருக்கு அந்த ரோலர் என்றால் உயிர். தான் போட்ட ரோட்டில்தான் இந்த ஊர்க் கல்யாண ஊர்வலங்களும் சவ ஊர்வலங்களும் போகின்றன என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை. அத்தனை பேர் முன்னாலும் சத்தமாகச் சொன்னார்.

"ஒத்த ஆளா நின்னு இதை ஓட வெச்சுக் காட்டறேன். என்ற கையத் தவிர இன்னொரு கை இதுமேல படாது."

மனைவி ருக்குமணியும் அங்கேதான் நின்றிருந்தார். "சரிங். அடுத்த வருச ஆயுத பூஜை வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள ஓடலீன்னா இரும்புக்காரனை நானே கூட்டியாருவேன்" என்றார். அதற்குச் சென்னியப்பன் தலையாட்டியதையும் தெரு பார்த்தது.

ஓட்டத் தெரியுமே தவிர, ரிப்பேர் என்றால் அவருக்கு ஆனா ஆவன்னா தெரியாது. மறுநாளே சாந்தாமணியின் பட்டறை வாசலில் போய் நின்றார்.

"அம்மிணி, எனக்குச் சொல்லித் தரோணும்."

"சொல்லித்தான் தருவேன். கை வைக்க மாட்டேன்."

"அதுதான் எனக்கும் வேணும்" என்றார் சென்னியப்பன். அன்றிலிருந்து வாத்தியாரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார். பட்டறைக்கு வருகிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். குரு சிரிக்கவில்லை.

முதல் பாடம் கேட்டார் சீடர். "எங்கிருந்து ஆரம்பிக்கறதுங்க?"

குரு ஒரு பக்கெட்டையும் தேங்காய் நாரையும் எடுத்துக் கொடுத்தார். ஒரு மாதம் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் எந்த போல்ட் எங்கே இருக்கிறது என்றே சீடருக்குத் தெரிந்தது.

பிறகு, பிஸ்டன் துருவேறிச் சிலிண்டரோடு ஒட்டிக்கிடப்பதைப் பார்த்தார். பெரிய சம்மட்டி ஒன்றை வாங்கி வந்து குருவைக் கூப்பிட்டார்.

"எந்த இடத்துல அடிக்கறதுங்க?"

குரு சிலிண்டருக்குள் எண்ணெய் ஊற்றச் சொன்னார். தினமும் ஊற்றச் சொன்னார். போகும்போது சம்மட்டியைத் தன் ஸ்கூட்டரில் வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். சீடர் நாள்தோறும் எண்ணெய் ஊற்றித் தொட்டுப் பார்த்து, பெருமூச்சு விட்டு, வீட்டுக்குள் போவார். மழைக்காலம் முழுக்கப் போனது. ஒரு காலையில் ஒரு மரக்கட்டையை வைத்துக் கையால் அமுக்கியபோது பிஸ்டன் வெண்ணெய்போல் இறங்கியது. சென்னியப்பன் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதார். ருக்குமணி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

இப்படியே ஒவ்வொன்றாக வழிக்கு வந்தது. பம்ப் சுத்தமாயிற்று. வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்தார். மஞ்சள் பெயின்ட் அடித்து முன் உருளைக்குக் கறுப்புக் கரை கட்டியதும் ரோலர் புது மாப்பிள்ளைக் களையோடு நின்றது. தெருவில் சிரித்தவர்களே இப்போது நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சென்னியப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். நிமிர்த்தலாம்தான். அத்தனையும் அவர் கை வேலை.

ஆனால் எஞ்சின் ஓடவில்லை.

அந்த ரோலருக்குச் சாவி கிடையாது, பேட்டரி கிடையாது. கைப்பிடி போட்டுச் சுற்ற வேண்டும். எஞ்சினுக்குள் காற்று இறுகிக் கிடந்தால் எந்த மனிதனாலும் சுற்ற முடியாது. அதற்காக ஒரு லீவர் உண்டு. லீவரைத் தூக்கி வைத்தால் காற்று வெளியே போய்க் கைப்பிடி லேசாகச் சுற்றும். நல்ல வேகம் பிடித்ததும் லீவரைச் சட்டென்று கீழே தள்ள வேண்டும். அந்த நொடியில் காற்று உள்ளே சிக்கி, சூடாகி, டீசல் பற்றிக்கொள்ளும். கைப்பிடி எஞ்சினுக்கு ஒரு பக்கம், லீவர் மறு பக்கம். சுற்றுகிறவர் கை லீவருக்கு எட்டாது.

சென்னியப்பன் விடவில்லை. லீவரில் ஒரு சணல் கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பல்லில் கடித்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினார். வேகம் வந்ததும் தலையை வெடுக்கென்று பின்னால் இழுப்பார். இழுப்பு கொஞ்சம் முந்தினால் கைப்பிடி எதிர்த்துத் திருப்பி அடிக்கும். பிந்தினால் வேகம் செத்துப்போயிருக்கும். புஸ்ஸென்று ஒரு சத்தம், ஒரு வாய்ப் புகை, அவ்வளவுதான். சித்திரையில் ஆரம்பித்தவர் புரட்டாசி வரை தினமும் பகலில் சுற்றினார். ஒரு பல் ஆட்டம் கண்டது. வலது மணிக்கட்டு வீங்கிப்போய்த் துணி சுற்றிக்கொண்டார்.

ஒவ்வொரு தடவையும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வெள்ளிங்கிரியின் குரல் வரும். "மனுசனைத் தூங்க விடுங்கய்யா!" ஒருநாள் இருவருக்கும் வாய்ச்சண்டை முற்றி, அதோடு பேச்சு வார்த்தை நின்றுபோனது. கத்தல் மட்டும் நிற்கவில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சீடர் பட்டறைக்குப் போனார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"வாத்தியாரம்மா, நீங்க சொன்னது ஒண்ணு விடாமப் பண்ணிட்டேன். எல்லாம் சரியா இருக்குது. அப்புறம் ஏனுங்க ஓட மாட்டேங்குது?"

குரு வந்தார். பம்பைப் பார்த்தார், வால்வைப் பார்த்தார், தலையாட்டினார். "சுத்துங்க, பார்க்கலாம்."

சீடர் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தார்.

"நில்லுங்க. வேலையில இருந்தப்ப இப்படியா ஸ்டார்ட் பண்ணுனீங்க?"

கயிற்றை வாயிலிருந்து எடுத்தார் சீடர். "இல்லீங். அப்ப லீவர் போட ஒரு ஆளு இருந்தான்."

"எத்தனை வருசம்?"

"கடைசி வரைக்கும் இருந்தானுங்க."

"பேரு என்ன?"

சென்னியப்பன் யோசித்தார். தலையைச் சொறிந்தார். ரோலரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பெயர் வரவில்லை. அத்தனை காலம் அவனை "ஏய், போடு" என்றுதான் கூப்பிட்டிருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

குரு ஒரு காலி டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்களே ஒருவாட்டி லீவரைப் போட்டுருங்களேன், வாத்தியாரம்மா" என்றார் சீடர் மெதுவாக. "நீங்க இன்னொரு ஆளா?"

"இன்னைக்குப் போட்டுட்டுப் போயிருவேன். நாளைக்கு?"

"ருக்குமணி வர மாட்டா. இன்னொரு கை படாதுன்னு சொன்னீங்கல்லோ, என்ற கையும் படாதுங்கறா."

"பக்கத்துல வேற யாரு இருக்கறாங்க?"

"யாருமில்லீங்."

குரு எழுந்து, கைப்பிடியைப் பிடித்து, ஒரே ஒரு சுற்று சுற்றி விட்டார். அந்த ரோலரில் அவர் கை பட்டது அந்த ஒரு தடவைதான். எஞ்சின் கடகடவென்று முனகியது.

"இன்னைக்காச்சும் தூங்க விடுவீங்களா, மாட்டீங்களா!" என்று சுவருக்கு அந்தப் பக்கம் கத்தல் கேட்டது.

"இருக்கறாங்களே" என்றார் குரு.

சென்னியப்பன் அசையாமல் நின்றார். நாளை இந்நேரம் இரும்புக்காரன் வண்டி வாசலில் நிற்கும். காஸ் கட்டரை வைத்து அந்த மஞ்சள் உடம்பைத் துண்டு துண்டாக அறுப்பான். அதை நினைக்கவே கஷ்டமாக இருந்தது. ஆனால் சுவர்ப் பக்கம் நடப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. நடந்தார். ஒரு கல்லின் மேல் ஏறி எட்டிப் பார்த்தார்.

"ஏப்பா வெள்ளிங்கிரி."

சென்னியப்பன் மறுபடி கூப்பிட்டார்.

"ஒரு கை குடுக்கோணும்ப்பா. லீவர் போட ஆளில்லை."

சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. கதவு திறந்தது. வெள்ளிங்கிரி லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கண் சிவக்க, விடுவிடுவென்று வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று சென்னியப்பன் கல்லிலிருந்து இறங்கி ஒதுங்கி நின்றார். வந்தவர் நேரே ரோலருக்குப் போய், சணல் கயிற்றை அவிழ்த்துத் தூர எறிந்து, லீவர் மேல் கையை வைத்தார்.

"சுத்துங்க."

"எப்பப் போடறதுன்னு நான் சொல்றேன்..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். சித்திரையிலிருந்து கேட்டுட்டுக் கெடக்கறேன். வேகம் புடிச்சதும் உள்ள ஒரு இரைச்சல் வரும். அது சன்னமாகறப்பப் போடோணும். நீங்க ஒரு நாளும் அந்த நேரத்துக்குச் சரியாப் போட்டதே இல்ல. இரைச்சல் ஆரம்பிச்ச உடனே இழுத்துப்போடுவீங்க. இல்லீன்னா அது அடங்கின பின்னால இழுப்பீங்க."

"இது தெரிஞ்சுட்டே சும்மா இருந்தியா?"

"கேட்டீங்களா?" என்றார் வெள்ளிங்கிரி. பிறகு குரல் இறங்கியது. "தெனமும் இன்னைக்குப் புடிச்சுக்கும், இன்னைக்குப் புடிச்சுக்கும்னு நானும் பல்லக் கடிச்சுட்டுத்தான் படுத்திருப்பேன். புஸ்ஸுன்னு போறப்ப எனக்கு வர்ற ஆத்திரம் இருக்குதே, தூக்கம் போனதுக்கு வர்றது அதுல பாதிதானுங்ணா."

சென்னியப்பன் மணிக்கட்டுத் துணியை இறுக்கிக் கட்டினார். குனிந்து கைப்பிடியைப் பிடித்தார். சுற்றினார். வீங்கிய மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது. இரைச்சல் எழுந்தது, பெருத்தது, சன்னமாயிற்று.

வெள்ளிங்கிரி லீவரைத் தள்ளினார்.

டப்.

புகைக்குழாயிலிருந்து கன்னங்கரேலென்று ஒரு உருண்டை கிளம்பியது. இன்னொரு டப். பிறகு டப் டப் டப் என்று எஞ்சின் பிடித்துக்கொண்டது. தரை அதிர்ந்தது. ருக்குமணி கரண்டியும் கையுமாக ஓடி வந்தார். சென்னியப்பனும் வெள்ளிங்கிரியும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஏதோ கத்தினார்கள். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

ஆயுத பூஜையன்று ரோலருக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டினார்கள். எலுமிச்சம்பழத்தை ருக்குமணியே உருளைக்கு அடியில் வைத்தார். பழம் நசுங்கியது. சென்னியப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, பக்கத்துப் படியில் வெள்ளிங்கிரி வெள்ளை வேட்டியோடு தொங்கிக்கொண்டு வர, ரோலர் தெருவைச் சுற்றி வந்தது. தான் போட்ட ரோட்டில், தான் சீர்செய்த ரோலரில், மனிதர் நடக்கும் வேகத்துக்கும் குறைவாகப் போனார் சென்னியப்பன். ஊரில் அன்றைக்கு அவரைவிட உயரத்தில் யாரும் இல்லை.

அடுத்த வாரம் ஒரு காலையில் சீடர் மறுபடி பட்டறைக்கு வந்தார். கையில் சிவப்புப் பெயின்ட் டப்பா, ஒரு பிரஷ்.

"வாத்தியாரம்மா, ஒரு சந்தேகம். ரோலருக்கு முன்னால பேரு எழுதோணும். என்ற பேரு மட்டும் எழுதினாப் போதுமில்லீங்?"

"எதுக்குக் கேட்கறீங்?"

"வெள்ளிங்கிரி மில்லுல போயி, எங்க ரோலரு, நாங்க ஓட வெச்சோம்னு சொல்லிட்டுத் திரியறானாமா. கழுவினது நானு, எண்ணெய் ஊத்தினது நானு, பல்லு ஆடினது எனக்கு. அவன் ஒரு லீவரைத் தட்டினான், அவ்வளவுதானே?"

குரு ஏதோ ஒரு நட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சரிங்ணா. ரோலரை இங்க ஓட்டிட்டு வாங்க. உங்க பேரை நானே எழுதித் தர்றேன்."

சீடருக்கு முகம் மலர்ந்தது. டப்பாவை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனார். அங்கே நின்றார். வெயிலைப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்ணா?"

"இப்ப முடியாதுங்க. சாயங்காலம் பார்க்கலாம்."

"ஏன், டீசல் இல்லையா?"

"டீசல் இருக்குது. அவன் தூங்கறான்."

"எழுப்புங்க. லீவரைத் தட்ட எத்தனை நேரம்?"

"அது எப்படிங்க எழுப்பறது?" சென்னியப்பனுக்குக் கோபமே வந்துவிட்டது. "ராத்திரியெல்லாம் மில்லுல நின்னுட்டு இப்பத்தான் வந்து படுத்திருக்கறான், பாவம். நான் கேட்டைக்கூடச் சத்தம் வராம மூடிட்டு வந்தேன்."

குரு நட்டைக் கீழே வைத்தார். பெயின்ட் டப்பாவின் மூடியை அழுத்தி மூடி, சீடரின் கையில் கொடுத்தார்.

"அப்படின்னா ரிப்பேர் முடிஞ்சுதுங்ணா."