வழி இங்கே கேட்கவும்

தென்காசி கடைத்தெருவில் முப்பிடாதி புதிதாகப் போர்டு கடை திறந்து இருபது நாளாகியும் ஒரு ஆர்டர்கூட வரவில்லை. வியாபாரிகள் சங்கத் தலைவர் பரமார்த்தலிங்கம் போர்டு வைத்தால்தான் தெருவே வைக்கும். அவரிடமே போய்க் கேட்டாள்.

"எனக்கா போர்டு?" என்று சிரித்தார் அவர். "என் ஜவுளிக்கடை தெரியாத ஆள் இந்த வட்டாரத்துலயே கிடையாது. ஒருத்தனைக் காட்டு, தெரு முழுக்க உனக்கே வேலை. முடியலையா, கடையைக் காலி பண்ணு."

"சரி அண்ணாச்சி" என்றாள்.

மறுநாள் காலை அவள் கடை வாசலில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு போர்டு பளபளத்தது: 'பரமார்த்தலிங்கம் ஜவுளிக்கடைக்கு வழி இங்கே கேட்கவும்.'

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்து வந்தார். கூட்டம் கூடிவிட்டது. "என் கடைக்கு எவன் வழி கேப்பான்?"

அவள் வாய் திறக்குமுன், கல்யாண ஜவுளி எடுக்க வேனில் வந்து இறங்கிய ஒருவர் அண்ணாச்சியின் தோளைத் தட்டினார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பரமார்த்தலிங்கம் கடையை அரை மணி நேரமாத் தேடுறோம். இங்கதான் வழி கேக்கணுமாம்!"

தெருவே வெடித்துச் சிரித்தது. சிவந்த முகத்தோடு நின்ற அண்ணாச்சிக்கும் கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது.

"இருபதடி நீளத்துக்குப் போடு தாயி, லைட்டோட!"

அளவு நாடாவோடு முப்பிடாதி ஓடினாள். "அடுத்தது எங்க கடை!" என்று கத்திக்கொண்டு பாத்திரக்கடைக்காரரும் பூக்கடைக்காரியும் அவள் பின்னால் ஓடினார்கள்.