அரசரின் வியர்வைக்கு யார் காரணம்?

முன்னொரு காலத்தில், வெயிலுக்கு மட்டும் குறைவே இல்லாத ஒரு நாட்டைச் சுந்தரவல்லபர் என்ற அரசர் ஆண்டு வந்தார். நல்ல மனிதர். எறும்பின் மனம் நோகுமே என்று ஒதுங்கி நடப்பவர். அவருக்கு இருந்த ஒரே தொல்லை வியர்வை. நெற்றி, கழுத்து, உள்ளங்கை எல்லாம் எந்நேரமும் நனைந்தே இருக்கும்.

ஒரு நாள் அண்டை நாட்டுத் தூதரின் கையைப் பற்றி வரவேற்றார். தூதர் சிரித்த முகத்துடன் வணங்கிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அரசர் பார்த்துவிட்டார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சபையில் ஆணை பிறந்தது.

"என் வியர்வைக்குக் காரணம் எதுவானாலும், யாரானாலும், கோட்டைக்கு வெளியே போயாக வேண்டும்."

தளவாய் காளிங்கராயர் இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார். அரசருக்கு விசிறி வீசும் செங்கமலம் சோம்பிப்போய்விட்டாள், காற்றே வருவதில்லை, காரணம் அவள்தான் என்றார். செங்கமலம் விகடகவி பூவணனின் மனைவி. அவள் போனால் அவனும் பின்னாலேயே போய்விடுவான், அரசர் பக்கத்தில் தமக்கு இடம் கிடைக்கும் என்பது தளவாயின் கணக்கு. அதோடு நிற்காமல், ஆணையைப் பூவணனே நிறைவேற்றட்டும் என்றும் பணிவாகக் கேட்டுக்கொண்டார்.

பூவணன் வணங்கினான். "நிறைவேற்றுகிறேன் அரசே. காரணம் ஒன்றைக்கூட விடமாட்டேன். எனக்கு ஒரு மாட்டு வண்டி மட்டும் வேண்டும்."

வீட்டில் செங்கமலம் வீங்கிய மணிக்கட்டில் எண்ணெய் தடவியபடி கேட்டாள். "ஏங்க, நாளைக்கு என்னையும் அந்த வண்டியில ஏத்திடுவீங்களா?"

"உனக்கு இடம் இருந்தாத்தானே" என்றான் பூவணன். எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கி, அவள் கையைத் தானே பிடித்துவிட்டான்.

விடிந்ததும் வண்டி அரண்மனைச் சமையல்கட்டின் முன் நின்றது. காலையில் அரசர் ஆவி பறக்கக் குடிக்கும் மிளகுச் சாற்றுப் பானையைப் பூவணன் வண்டியில் ஏற்றினான். அதற்குப் பதிலாக நீர்மோர் போயிற்று. அடுத்து குளியலறை. ஈரம் துவட்டுமுன்பே அரசருக்குப் பட்டாடையைச் சுற்றிவிடுவது பணியாட்களின் வழக்கம். பூவணன் அக்குளையும் கழுத்தையும் நன்றாகத் துடைக்கச் சொன்னான். பட்டு வண்டிக்குப் போனது. அரசர் தளர்ந்த பருத்தி வேட்டியில் வெளியே வந்தார். சபை மண்டபத்துச் சன்னல்களை மூடியிருந்த கனத்த திரைகளும் வண்டி ஏறின. அங்கே வெட்டிவேர்த் தட்டிகளைக் கட்டி, தண்ணீர் தெளித்தார்கள்.

வாசல் காவலர்கள் ஒரு பானையும் சில துணிகளும் நாடு கடத்தப்படுவதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சபை கூடியது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. பிரதானிகள் ஒவ்வொருவரும் தினமும் அரசருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். ஒருவர் சரிகை என்றால் அடுத்தவர் அதைவிடக் கனமான சரிகை. காளிங்கராயருடையது மலைநாட்டுக் கம்பளி. அன்றும் போர்த்தினார்கள். கொஞ்ச நேரத்தில் அரசர் துணி மூட்டைக்குள் முகம் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாகக் கிளம்பியது.

பூவணன் அருகில் போய், ஏன் இவற்றைக் கழற்றுவதில்லை என்று மெதுவாகக் கேட்டான்.

"கழற்றினால் போர்த்தியவர் மனம் வருந்துமே" என்றார் அரசர், அதைவிட மெதுவாக.

பூவணன் சபைப் பக்கம் திரும்பினான். "காரணம் அகப்பட்டுவிட்டது. இந்தப் பொன்னாடைகள்தான். ஆடை தானாக வந்து தோளில் ஏறாது. யாரானாலும் என்பது அரசர் வாக்கு. ஆகவே போர்த்தியவர்களும் வண்டியில் ஏறலாம். அவரவர் ஆடையைப் பார்த்து நானே பெயர் சொல்கிறேன்."

பிரதானிகள் அரியணையை நோக்கி ஓடினார்கள். இது என்னுடையதே இல்லை, கைதவறிப் போர்த்திவிட்டேன் என்று முனகிக்கொண்டு ஆளுக்கொன்றை உருவி இடுப்பில் செருகிக்கொண்டார்கள். காளிங்கராயரின் கம்பளி எங்கும் செருக முடியாத தடிமன். அதைத் தாமே போர்த்திக்கொண்டு நின்றார்.

வெட்டிவேர் வாசத்தோடு காற்று வந்தது. அரசர் கண்ணை மூடி அதை வாங்கிக்கொண்டார்.

தளவாய் விடவில்லை. "அரசே, தங்கள் நெற்றியில் இன்னும் ஒரு துளி நிற்கிறதே. அப்படியானால் விசிறிக்காரிதானே காரணம்?"

பூவணன் சிரிக்கவில்லை. "அந்தத் துளி வெக்கையால் வந்ததல்ல, தளவாயே. தூதர் கையைத் துடைத்ததிலிருந்து அரசருக்கு வியர்வையைப் பற்றியே நினைப்பு. நினைக்க நினைக்க இன்னும் கசிகிறது. அரசே, மற்றதையெல்லாம் நான் வெளியேற்றிவிட்டேன். அந்தக் கூச்சத்தை மட்டும் தாங்கள்தான் அனுப்ப வேண்டும். சிலர் உடம்பு அதிகம் வியர்க்கும். அது குற்றமில்லை."

அரசர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்து விசிறிக் காற்று நிற்காமல் வந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தார். செங்கமலத்தின் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. மோவாயிலிருந்து வியர்வை சொட்டியது. மணிக்கட்டு வீங்கியிருந்தது. இத்தனை காலம் பக்கத்திலேயே நின்றவளை அவர் அன்றுதான் பார்த்தார்.

"உட்காரம்மா" என்றார்.

அவள் தயங்கினாள். அரசரே எழுந்து விசிறியை வாங்கி, அவளை அரியணைப் படியில் உட்கார வைத்து வீச ஆரம்பித்தார். பழக்கமில்லாத கை. விசிறி இரண்டு முறை அவருடைய கிரீடத்திலேயே இடித்தது.

"பூவணா, இவளுக்கு வியர்வை வரக் காரணம் யார்?"

"சொன்னால் வண்டியில் ஏற்ற வேண்டியிருக்கும், அரசே. நமக்கு இருப்பது ஒரே அரசர்."

சுந்தரவல்லபர் வாய்விட்டுச் சிரித்தார். விசிறி வீசும் வேலையை இனி ஆட்கள் மாறி மாறிப் பார்க்க வேண்டும் என்றும், பூவணன் வீட்டுக்குக் கறவைப் பசு ஒன்று கன்றோடு போக வேண்டும் என்றும் சொன்னார். முதல் முறையை யார் ஏற்பது என்று கேள்வி வந்தபோது, கம்பளிக்குள் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்த காளிங்கராயரிடம் விசிறியை நீட்டினார்.