அத்திமடுப் பூங்காவில் வேலாயிக்கு ஓர் இடம்

அத்திமடுக் கரையில் ஒரு பூங்கா அமைக்க வேண்டும் என்று காட்டு மிருகங்கள் எல்லாம் கூடிப் பேசின. யானை, கரடி, மந்தி, மான், முயல் என்று ஒருவர் பாக்கியில்லை. முள்ளம்பன்றி வேலாயியும் வந்திருந்தாள். வந்திருந்தாள் என்றால், பத்தடி தள்ளி ஒரு புதரோரம் நின்றிருந்தாள். கிட்டே போனால் முள் யாரையாவது குத்திவிடுமே!

பாவம், அவள் முள் அவள் பேச்சைக் கேட்காது. பயந்தாலும் சிலிர்க்கும், சந்தோஷப்பட்டாலும் சிலிர்க்கும். அதனால் சாயங்காலம் எல்லாரும் மடுக்கரையில் உட்கார்ந்து கதையளக்கும்போது, வேலாயி மட்டும் எதிர்க்கரைப் பாறையில் தனியாக உட்கார்ந்திருப்பாள். சிரிப்புச் சத்தம் தண்ணீரைத் தாண்டி வரும். என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் வந்து சேராது. மூன்று வருஷமாக இதே பாடுதான். அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒருநாள், ஒரே ஒருநாள், தானும் உட்கார்ந்துவிட மாட்டோமா என்று அவள் ஏங்கிக் கிடந்தாள்.

யானை பேச்சியம்மா தும்பிக்கையைத் தூக்கினாள். "பெரிய வேலை! ஆளாளுக்குப் பிரிச்சுக்குவோம். பாதை எங்க யானைக் கூட்டம் போடும். சடையா, உட்காருற இடம் உன் பொறுப்பு. மாடத்தி, நிழலுக்குப் பந்தல் உங்க மந்திக் கூட்டம்!"

"ஆகட்டும் பெரியம்மா!" என்றார்கள் கரடி சடையனும் மந்தி மாடத்தியும்.

வேலாயி நேரே சடையன் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தாள். பின்னே? அவளுக்கு வேண்டியதே உட்காரும் இடம்தானே!

சடையன் அளவெடுக்கும் விதமே தனி. கோல் இல்லை, கயிறு இல்லை. விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தின் மேல் எல்லாரையும் தோளோடு தோள் ஒட்டி உட்கார வைப்பான். கடைசி ஆளின் இடுப்பு எங்கே முடிகிறதோ, அங்கே நகத்தால் ஒரு கீறல் போடுவான். அவ்வளவுதான், அளவு முடிந்தது.

வேலாயியும் ஆசையாகக் கிட்டே போனாள்.

"ஐயையோ! நீ உட்கார்ந்தா நாங்கல்லாம் எந்திரிச்சு ஓடணும்!" என்றான் முயல் தவசி.

எல்லாரும் சிரித்தார்கள். வேலாயியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரித்ததில் முள் சிலிர்த்துக்கொள்ள, தவசி ஒரே துள்ளாகத் துள்ளி விழுந்தான்.

"பரவாயில்லைண்ணே, நான் நின்னுக்குறேன்," என்று அவள் பின்வாங்கினாள். அவள் முகம் வாடியதை யார் கவனித்தார்கள்?

பத்து நாள் வேலை மும்முரமாக நடந்தது. ஒரு கூட்டம் செய்வதை இன்னொரு கூட்டம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவரவர் வேலை அவரவருக்குப் பெரிது!

திறப்பு நாள் வந்தது. பந்தல் ஜோராகத்தான் இருந்தது. ஆனால் அதன் நிழல் யாரும் உட்காராத சேற்றில் விழுந்தது. சடையன் போட்ட கட்டை இருக்கையில் வெயில் சுள்ளென்று அடித்தது. பாதையோ இருக்கையின் முதுகுப் பக்கம் வந்து முட்டி நின்றது. வருகிறவர்கள் உட்கார்ந்திருப்பவர் தலைமேல் ஏறித்தான் குதிக்க வேண்டும்!

"பந்தலைக் கொண்டுபோய் எங்கே நட்டிருக்கே, பாரு!"

"நீ ஏன் கட்டையை இங்கே போட்டே?"

"முதல்ல பாதை போட்டவங்களைக் கேளு!"

சண்டை முற்றியது. வேலாயிக்குப் பொறுக்கவில்லை. தள்ளி நின்றபடியே குரல் கொடுத்தாள்.

"மாடத்தியக்கா, சாயங்கால வெயில் அந்த மருத மரத்துப் பக்கமிருந்துதான் அடிக்கும். பந்தல் அங்கே நிக்கணும். பெரியம்மா, எல்லாரும் இறங்கி வர்றது நாவல் மரத்துச் சரிவுல. பாதையும் அப்படியே வரட்டும். இருக்கை தண்ணியைப் பார்த்து இருந்தா காத்து நல்லா வரும்."

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் பேச்சியம்மா.

"எதிர்ப் பாறையில இருந்து தினமும் இந்தக் கரையைத்தானே பார்த்துக்கிட்டிருக்கேன். எனக்கு வேற என்ன வேலை?"

அப்புறம் மூன்று கூட்டமும் ஒன்றாக உட்கார்ந்து யோசித்தது. வேலாயி பாடு சொல்லி மாளாது! பந்தல் கால் நட இடம் காட்டுவாள், பாதை போடும் யானைகளுக்கு முன்னால் நடந்து வழி காட்டுவாள். சடையன் புதுக் கட்டை போட்டு மறுபடி எல்லாரையும் உட்கார வைத்து அளந்தபோது, அவள் சரிவில் யானைகளோடு நின்றிருந்தாள். அவளைக் கூப்பிட ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதிலிருந்து நாலாம் நாள் சாயங்காலம் பூங்கா தயார். எல்லாரும் நிழலில் ஒட்டி உட்கார்ந்தார்கள். வேலாயி பாதை வழியாக மெல்ல இறங்கி வந்தாள். இருக்கையில் ஒரு விரல் இடம்கூட இல்லை.

"அடடா!" சடையன் தலையைச் சொறிந்தான். "ஒண்ணு பண்றேன் வேலாயி. அதோ, பந்தலுக்கு வெளியே தள்ளி ஒரு கல்லு போட்டுத் தர்றேன். யாருக்கும் குத்தாது, உனக்கும் வசதி!"

வேலாயி அந்த இடத்தைப் பார்த்தாள். அங்கேயும் சிரிப்புச் சத்தம் வரும். பேச்சு வராது. 'பரவாயில்லை' என்ற வார்த்தை வழக்கம்போல நாக்கு நுனிக்கு வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"வேண்டாம்ணே. எனக்கு நடுவுல உட்காரணும்."

சொன்னதும் முள் எல்லாம் நட்டுக்கொண்டது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"மூணு வருஷமா நீங்க என்ன சொல்லிச் சிரிக்குறீங்கன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னு ஆசையா இருக்கு. அவ்வளவுதான் நான் கேக்குறது!"

தவசி தலை குனிந்தான்.

"எந்திரிங்கடா எல்லாரும்!" என்று அதட்டினாள் பேச்சியம்மா. கட்டையின் நட்டநடுவில் காலை வைத்து ஒரே மிதி! கட்டை இரண்டானது. இரண்டு துண்டையும் தும்பிக்கையால் விலக்கினாள். "வேலாயி, இங்கே வந்து நில்லு. முள்ளை நல்லா விரி. வெட்கப்படாதே! இன்னும் விரி!"

விரித்த முள்ளுக்கு அளவெடுத்து, அதற்கு மேலும் இரண்டு சாண் விட்டு, நடுவில் ஒரு தட்டைக் கல்லைப் போட்டாள்.

வேலாயி உட்கார்ந்தாள். ஒரு பக்கம் சடையன், மறு பக்கம் தவசி. தவசி தொண்டையைச் செருமிக்கொண்டு, காட்டுப்பன்றி சேற்றில் வழுக்கி விழுந்த கதையை எடுத்துவிட்டான். மற்றவர்கள் கேட்டுக் கேட்டுப் புளித்த கதை அது! எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேலாயிக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. முள் அத்தனையும் விறைத்து நின்றது. பக்கத்தில் இருந்த ஒருவரும் நகரவில்லை.

எல்லாருக்கும் பொது என்று ஓர் இடத்தை அமைக்கிறவர்கள், ஒதுங்கி நிற்பவரையும் அழைத்து வைத்து அளவெடுத்தால்தான் அது எல்லாருக்கும் பொதுவாகும்.