மூன்று மாடி, மூன்று கலர், ஒரே சிஸ்டர்

சிரிக்க வைக்கிறேன், நம்புங்கள். ஆனால் முதலில் மூன்று மாடி ஏறியாகணும். அந்த ஆஸ்பத்திரியில் லிஃப்ட் முதலாளிக்கு மட்டும்தான்.

முதலாளி டாக்டர் தணிகாசலம் மூக்காலேயே பேசுவார். "கலர்தாம்மா தரம். முதல் மாடிக்கு நீல யூனிஃபார்ம், ரெண்டுக்குப் பச்சை, மூணுக்கு ரோஸ். கலர் மாறி கால் வெச்சா அன்னிக்கே வேலை போச்சு."

மூன்று மாடிக்கும் நர்ஸ் ஒருத்திதான், அமலோற்பவம். பச்சையிலிருந்து நீலத்துக்கு மாற்றிக்கொண்டு ஓடுவதற்குள், பெல் அடித்த பெரியவர் ஒருவர் கட்டிலிலிருந்து விழுந்தார். பழியும் இவள் தலையில் விழுந்தது.

இன்ஸ்பெக்‌ஷன் அன்று முதலாளி கிசுகிசுத்தார். "மாஸ்க் போட்டுக்க. பின்படியில ஓடி ஓடி கலர் மாத்திட்டு நில்லு. அதிகாரிக்கு மூணு பேருன்னு தெரியணும்."

"சரிங்க சார்."

நீலம் வணக்கம் சொன்னது. பச்சை வணக்கம் சொன்னது. ரோஸுக்கு மூச்சு வாங்கியது. அதிகாரி திருப்தியாகத் தலையாட்டும்போது பச்சை மாடியில் பெல் அலறியது. ஓயவில்லை.

"அங்க பார்த்த சிஸ்டர் எங்க?" என்றார் அதிகாரி.

முதலாளி பல்லைக் கடித்தார். "நீ போய்ப் பாரும்மா."

"ரோஸ்ல போனா வேலை போயிடுமே சார். பச்சைய மாத்திட்டுப் போகட்டுங்களா?"

அதிகாரி மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்களை உற்றுப் பார்த்தார். "மூணு மாடியிலும் நீதானாம்மா?"

"நான் மட்டும்தான் சார்."

பெல் இன்னும் அலறியது. பெல் அடித்தால் சோற்றுக் கையோடு ஓடுகிறவள் அசையாமல் நின்றாள்.

"அடிக்கிறது யாரு?" என்றார் முதலாளி.

"பேஷண்டோட சம்சாரம் சார். அவருக்கு ஒண்ணுமில்ல. நீங்க மேல வந்ததும் அழுத்தச் சொன்னேன்."

அந்த 'சரிங்க சார்' எதற்கென்று முதலாளிக்கு அப்போதுதான் உறைத்தது.