வெளியே கொடுத்த வேலை

"அந்தப் பொண்ணு கை சீக்கிரம் ஆறணும்னு ஒரு பூசை பண்ணிப்போடுங்கம்மா. என்ன ஆகுதோ நான் பார்த்துக்கறனுங்க."

சென்னியப்பன் தட்டைக் கீழே வைத்தார். தேங்காய், பழம், ரோஜா மாலை. தட்டை அடுக்கியதுகூட அவரில்லை. மேனேஜர்தான் அடுக்கிக் காரில் ஏற்றிவிட்டார்.

எதிரே உட்கார்ந்திருந்த சாமியம்மாவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. சென்னியப்பன் அறுபதை நெருங்குகிறவர். திருப்பூரில் பனியன் கம்பெனி, சொந்தக் கட்டடம், வாசலில் வாட்ச்மேன் எல்லாம் உண்டு. ஆனாலும் மனசு சரியில்லை என்றால் அவர் கார் வந்து நிற்பது ஊருக்கு வெளியே இருக்கிற இந்த ஓட்டு வீட்டு மடத்தில்தான்.

சாமியம்மா தட்டிலிருந்து ஒரு பூவை எடுத்தார்.

"யார் பேருக்கு?"

சென்னியப்பன் விழித்தார். பேர் தெரியாது. அதனாலென்ன, போன் எதற்கு இருக்கிறது?

அவர் மேனேஜரைக் கேட்டார். மேனேஜர் காண்ட்ராக்டரைக் கேட்டார். காண்ட்ராக்டர் தன்னிடம் வேலை வாங்கிச் செய்கிற ஷெட்டுக்காரரைக் கேட்டார். சாமியம்மா பூவைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

கேள்வி போன வழியிலேயே பதில் படியேறி வந்து சேர்ந்தது.

"அயர்ன் டேபிள் பொண்ணுங்கறாங்க. பேரு சட்டுனு ஞாபகம் வரலீங்களாமா."

சொல்லி முடிப்பதற்குள் சென்னியப்பன் முகம் சுண்டிவிட்டது.

"உங்க கம்பெனிப் பொண்ணுதானே?" என்றார் சாமியம்மா.

இல்லை, அங்கேதான் விஷயமே இருக்கிறது என்று சென்னியப்பன் விளக்க ஆரம்பித்தார். நூலைத் துணியாக ஓட்டுவது ஓரிடம், சாயம் போடுவது ஓரிடம். கட்டிங்குக்குப் பீஸ் ரேட்டில் ஒருத்தர். தையல் மொத்தமாகப் பேசி இன்னொருத்தருக்கு. அயர்னிங்கும் பேக்கிங்கும் காண்ட்ராக்ட். காண்ட்ராக்டருக்கு வேலை மிஞ்சிப்போனால் அவர் தனக்குக் கீழே ஒரு ஷெட்டுக்குத் தள்ளிவிடுவார். சரக்கு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குக்கூட வெளியிலிருந்துதான் ஆள் வருகிறது. ஊரே இப்படித்தான் பிழைக்கிறது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. சொல்லச் சொல்ல அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"அப்ப நீங்க என்ன பண்றீங்க?"

"எதை யார்கிட்டக் கொடுக்கறதுன்னு பார்க்கறனுங்க. அதுவே பெரிய வேலைங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு இதையும் சொன்னார். "பனியன் கழுத்துல இருக்கறது வெளிநாட்டுக்காரன் பேருங்க. ஒரு வகையில பார்த்தா நானும் அவனுக்குக் கூலிக்கு ஜாப் ஒர்க் பண்றவன்தானுங்க."

சாமியம்மா பூவைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"எங்கீங்கம்மா?"

"பேர் கேட்டுட்டு வந்துடலாம்."

"அதுக்கு எதுக்குங்க நீங்க அலையறீங்க? டிரைவரை அனுப்பறேன்."

சாமியம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். சென்னியப்பன் பின்னால் நடந்தார்.

கார் கிளம்பியது. பேசாமல் இருப்பது சென்னியப்பனுக்குப் பழக்கமில்லாத காரியம். நெஞ்சுக்குள் கிடந்தது தானாக வெளியே வந்தது.

"அயர்ன் டேபிளுக்கு வர்ற அந்த நீராவிக் குழாய் ஒழுகறது எனக்கு முன்னாடியே தெரியுமுங்க."

குழாய் ஒழுகுகிறது, கிட்டே நிற்கப் பயமாக இருக்கிறது என்று அந்தப் பெண் ஷெட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் காண்ட்ராக்டரிடம் சொன்னார். காண்ட்ராக்டர் மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் இவரிடம் வந்து நின்றபோது இவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஷெட்டு அவங்களுடையது, அவங்க பார்த்துக்கட்டும், ஷிப்மெண்ட் மட்டும் நிற்கக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டு மிச்ச டீயைக் குடித்தார். மறுநாள் குழாய் பிய்த்துக்கொண்டது. நீராவி அவள் கையில் அடித்தது.

சாமியம்மா என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தார். அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். முன்னால் இருந்த கண்ணாடியில் டிரைவரின் கண் ஒரு தடவை இவரைப் பார்த்துவிட்டுச் சட்டென்று ரோட்டுக்குத் திரும்பியது. சென்னியப்பன் கூனிக் குறுகிப்போனார்.

ஷெட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. அடுக்கி வைத்திருந்ததெல்லாம் அவர் கம்பெனி பனியன்கள். ஷெட்டுக்காரர் முண்டா பனியனோடு எழுந்து வந்து, யாருங்க, வேஸ்ட் துணி எடுக்க வந்தவங்களா என்று விசாரித்தார்.

சென்னியப்பன் அவரைத் தாண்டி உள்ளே போனார். அயர்ன் டேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இப்போது வேறொரு பெண் நின்று தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே குழாயில் சாக்குத் துணியைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. சாக்கு நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"இதை இன்னும் மாத்தலீங்களா?"

"மேல சொல்லியிருக்குதுங்க" என்றார் ஷெட்டுக்காரர்.

மேலே என்றால் யார் என்று சென்னியப்பன் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? கையை நீட்டி அயர்ன் டேபிள் சுவிட்சை அணைத்தார். இது மாறுகிற வரைக்கும் போடக் கூடாது என்றார். ஷெட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஷிப்மெண்ட் நின்னுபோயிருமே, கம்பெனிக்காரங்க கத்துவாங்களே என்று பதறினார்.

"கம்பெனிக்காரன் கத்தமாட்டானுங்க" என்றார் சென்னியப்பன்.

தேய்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம்தான் பேர் கிடைத்தது. வனிதாமணி. வீடு ஷெட்டுக்குப் பின்னால், வாய்க்காலை ஒட்டி.

வீட்டில் வனிதாமணியும் அவள் அம்மாவும் இருந்தார்கள். யாரென்று தெரியாமலேயே அம்மாக்காரி பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். வனிதாமணிக்கு முழங்கை வரை கட்டு.

சென்னியப்பன் தன் கம்பெனிப் பெயரைச் சொன்னார். அவர்களுக்குத் தெரியவில்லை. ஊரில் அந்தப் பேரைச் சொன்னால் ஆட்டோக்காரன்கூட வழி சொல்வான். ஷெட்டுக்காரருக்குக் காண்ட்ராக்டர் வேலை கொடுக்கிறார் அல்லவா, அந்தக் காண்ட்ராக்டருக்கு நான்தான் கொடுக்கிறேன் என்று படிப்படியாக இறங்கி வந்து சொன்னார்.

விளங்கியதும் வனிதாமணி எழுந்து நின்றாள். கட்டுப்போட்ட கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சிருங்க சார். நான் தள்ளி நின்னிருக்கோணும். தண்ணி பட்டுப் பீஸெல்லாம் வீணாப்போயிருச்சு."

"ஐயோ, அதெல்லாம்..."

"இல்லீங்க சார். காண்ட்ராக்டர் ஷெட்டு அண்ணனை வாய்க்கு வந்தபடி திட்டிட்டாருங்களாமா. அந்தண்ணன் ஆஸ்பத்திரிக்கே வந்து எங்கம்மாவைத் திட்டிப்போட்டுப் போனாருங்க. என் ஒருத்தியால எல்லாரும் பேச்சு வாங்கிட்டாங்க. வெளிய தலைகாட்டவே வெக்கமா இருக்குதுங்க."

சென்னியப்பனால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்தார். இத்தனை நாளாகத் தூக்கமில்லாமல் தான் ஒருத்தன்தான் வெட்கப்படுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

சாமியம்மா ஏதாவது சொல்லமாட்டாரா என்று திரும்பினார். சாமியம்மா வீட்டுக்குள் வரவே இல்லை. கார் பக்கத்தில் நின்று டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தார்.

வனிதாமணி அவர் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு நிஜமாகவே கவலையாக இருந்தது.

"உங்களையும் யாராச்சும் திட்டிட்டாங்களா சார்?"

சென்னியப்பன் தலைகுனிந்தார்.

"இல்லை அம்மணி. என்னை யாரும் ஒண்ணும் சொல்லலை."